வீட்டுக் கணக்கு எழுத எந்த மாதிரி பட்ஜெட் பிளேனர் வாங்கலாம்?

செந்தூல் தங்கை:

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், மாமியார், தமிழ்ப்பள்ளியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். வீட்டு வரவுசெலவைத் தாளில் எழுதி வைப்பது என்று முடிவு செய்துவிட்டோம், எந்த பிளேனரை வாங்குவது என்பதில்தான் குழப்பம். ஏற்கெனவே எழுதிப் பழகியவர்களிடம் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆப் போதாதா என்று கேட்பீர்கள். ஆப் என் போனில் மட்டும்தானே இருக்கும். காலையில் பசாருக்குப் போய் மீனும் காய்கறியும் வாங்கி வருவது மாமியார். அவர் போனில் வாட்ஸ்அப்பைத் தவிர வேறு எதையும் திறக்க மாட்டார், ஆனால் மனக்கணக்கில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டி. வீட்டுக்காரர் டச் அண்ட் கோ, டியூட்நவ் கியூஆர் என்று போகிற இடமெல்லாம் போனிலேயே ஸ்கேன் செய்து பணம் கட்டிவிட்டு வருவார், எதற்கு எவ்வளவு போனது என்று மாதக் கடைசியில் கேட்டால் அவருக்கே தெரியாது. சாப்பாட்டு மேசையில் ஒரு புத்தகம் இருந்தால் மூன்று பேரும் எழுதலாம், மூன்று பேரும் பார்க்கலாம், அதுதான் எனக்கு வேண்டியது.

கடைகளில் மூன்று வகை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஜனவரி முதல் டிசம்பர் வரை தேதி அச்சடித்த கெட்டி அட்டை பிளேனர், வாரத்துக்கு இரண்டு பக்கம், ஸ்டிக்கர் எல்லாம் வைத்திருக்கிறார்கள், பார்க்க ரொம்ப அழகு. இரண்டாவது, ஆறு வளையம் வைத்த ஏ5 பைண்டர், உள்ளே ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகளும் தாள்களும் சேர்ந்து வருகிறது. மூன்றாவது, பழைய மாதிரி நீளமான கணக்குப் புத்தகம், சிவப்புக் கோடு போட்ட பத்திகள் மட்டும்தான், வேறு ஒன்றுமே இல்லை, விலையும் குறைவு.

வீட்டுக்காரருக்கு 25ஆம் தேதி சம்பளம், எனக்கு மாதக் கடைசி நாள். வீட்டு லோன் 1ஆம் தேதி வெட்டுவார்கள். மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், கண்ணும் கொஞ்சம் மங்கல், பொடி எழுத்து என்றால் சிரமப்படுவார். 60 வெள்ளி (ரிங்கிட்) வரை செலவழிக்கலாம். தேதி போட்டது நல்லதா, போடாதது நல்லதா? அளவு எவ்வளவு இருக்க வேண்டும்? கூடவே கட்டாயம் இருக்க வேண்டிய பக்கம் என்று ஏதாவது உண்டா?


பட்டர்வொர்த் கணக்கர்:

வணக்கம் சகோதரி. அளவு, அட்டை, நிறமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தின் மாதமும் உங்கள் வீட்டு மாதமும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு மாதம் பிறப்பது 1ஆம் தேதியில் இல்லை, 25ஆம் தேதியில். பிப்ரவரி 25 அன்று வருகிற சம்பளத்தில்தான் மார்ச் லோனும் மார்ச் பில்லும் கட்டப் போகிறீர்கள். தேதி போட்ட பிளேனரில் அந்தச் சம்பளம் பிப்ரவரிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும், செலவு மார்ச் பக்கத்துக்குப் போய்விடும், எந்தப் பக்கத்தைக் கூட்டினாலும் உண்மை நிலவரம் வராது. அதனால் தேதி போடாததை வாங்குங்கள், 25 முதல் அடுத்த 24 வரை ஒரு மாதம் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளம் மாதக் கடைசியில் வந்தாலும் அதே மாதத்துக்குள் அடங்கிவிடும், லோனும் அதற்குப் பிறகுதான் போகிறது. கணக்கு நேராக நிற்கும்.

இணையத்தில் விற்கிற பிளேனர் பலவற்றில் இன்னொரு சங்கடம் உண்டு. அவை அமெரிக்கக் குடும்பத்தை மனதில் வைத்துச் செய்தவை. அங்கே பல பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் சம்பளம், அதனால் மாதத்தை இரண்டு சம்பளப் பக்கமாகப் பிரித்திருப்பார்கள், கிறிஸ்துமஸ் பரிசுக்கு என்று தனிப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். நமக்குத் தீபாவளிக்கும் பள்ளி திறப்புக்கும்தான் இடம் வேண்டும். அச்சடித்த தலைப்பு குறைய இருந்தால் நல்லது, உங்கள் மாமியாரும் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம்.

கட்டாயம் இருக்க வேண்டிய பக்கம் எது என்று கேட்டீர்கள். மாதா மாதம் வராத செலவுக்கான பக்கம், அது இல்லாத பிளேனரை நான் வாங்கவே மாட்டேன். லைட் பில், தண்ணீர் பில், இன்டர்நெட் எல்லாம் வந்துகொண்டே இருப்பதால் பழகிவிடும். குடும்பத்தை ஆட்டுவது ஆண்டுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வருகிற செலவுதான். சுக்காய் பிந்து என்கிற வீட்டு வரியைக் கோலாலம்பூரிலும் சரி, பினாங்குத் தீவிலும் சரி, பிப்ரவரிக் கடைசிக்குள் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசிக்குள் ஒரு தடவை கட்ட வேண்டும். நில வரிக்கு மே 31, அடுக்குமாடி என்றால் அதுவே சுக்காய் பெத்தாக் என்று தனித்தனி வீட்டுக்கு வரும். காருக்கு ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ். கிரெடிட் கார்டு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி, அது எந்த மாதத்தில் வருகிறது என்றே பல பேர் கவனிப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், தொகைகளை உங்கள் வீட்டுக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். 1.5 லிட்டர் மைவி காருக்கு ரோட் டேக்ஸ் 90, இன்சூரன்ஸ் 900 என்று வையுங்கள். வீட்டு வரி 150 வீதம் இரண்டு தடவை, 300. நில வரி 60. பள்ளி திறப்புக்கு 800. தீபாவளிக்கு 1,500. இரண்டு கார்டுக்கு 50. மொத்தம் 3,700 வெள்ளி. 12ஆல் வகுத்தால் 308 சொச்சம், 310 என்று வைத்துக்கொள்ளலாம். சம்பளம் வந்த அன்றே இந்த 310 வெள்ளியை வேறு ஒரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிட்டு அந்தப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். 12 மாதக் கட்டத்தோடு இதற்கென்று ஒரு பக்கம் அச்சடித்திருந்தால் வசதி, இல்லையென்றாலும் முதல் பக்கத்திலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடலாம். ஆண்டு நடுவில் தொடங்குகிறீர்கள் என்றால் மட்டும் 12ஆல் வகுக்காதீர்கள், அந்தச் செலவு வருவதற்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறதோ அதனால் வகுக்க வேண்டும், இல்லையென்றால் தீபாவளி வருகிற நேரத்தில் பணம் பற்றாது.


பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

தங்கச்சி, நான் வளைய பைண்டர் பக்கம்தான். அண்ணன் சொன்ன ஆண்டுச் செலவுப் பக்கத்தை எந்த மாதம் வேண்டுமானாலும் முன்னால் கொண்டுவந்து மாட்டலாம், மாமியாரின் பசார்க் கணக்குக்குப் பெரிய கோடு போட்ட தாளாகப் பார்த்துத் தனியாகச் சேர்க்கலாம், ஆண்டு முடிந்தால் பழைய தாளைக் கழற்றிக் கவரில் போட்டுவிட்டு அதே அட்டையில் தொடரலாம். தைத்த புத்தகத்தில் இதெல்லாம் முடியாது.

ஆனால் வாங்குவதற்கு முன்னால் துளையைப் பார்த்து வாங்குங்கள், இது முக்கியம். வழக்கமான ஏ5 ஆறு வளையத்தில் மேலே மூன்று துளை, கீழே மூன்று துளை இருக்கும். பக்கத்துப் பக்கத்துத் துளைக்கு நடுவே 19 மில்லிமீட்டர், மேல் மூன்றுக்கும் கீழ் மூன்றுக்கும் நடுவே 70 மில்லிமீட்டர். ஜப்பானிய பைண்டர் வேறு மாதிரி, ஏ5க்கு 20 துளை, பி5க்கு 26 துளை. ஒன்றின் தாள் இன்னொன்றில் மாட்டாது. ஷோப்பீயில் அழகான தாளாகப் பார்த்து வாங்கிவிட்டு, மாட்ட முடியாமல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறவர்கள் நிறைய. வளையம் உள்ளங்கையில் இடிப்பது உண்மைதான், இடது பக்கத்தில் எழுதும்போது தெரியும், அதனால் நான் வலது பக்கத்தில் மட்டும் எழுதிவிட்டு இடது பக்கத்தில் ரசீது ஒட்டுகிறேன்.

ஜிப் உறை விஷயத்துக்கு வருகிறேன். பசார், மருந்து, பிள்ளைகள் கைச்செலவு என்று உறை உறையாக ரொக்கம் பிரித்து வைக்கிற முறைக்காகத்தான் அதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். உறை காலியானால் அந்தச் செலவு முடிந்தது, அடுத்த மாதம்தான். மாமியாரின் பசார்ப் பணத்துக்கு இது நூற்றுக்கு நூறு சரிப்பட்டு வரும். உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படி என்றால், அவருக்குப் போனில் இருக்கிற வாலட்தான் உறை. பணம் குறைந்தால் தானாக ஏறிக்கொள்கிற ஆட்டோ ரீலோடை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை, திங்கள்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், 120 வெள்ளியோ 150 வெள்ளியோ அதில் ஏற்றட்டும், ஏற்றிய தொகையைப் புத்தகத்தில் அவர் கையாலேயே எழுதட்டும். ஒவ்வொரு தே தாரேக்கையும் எழுது என்றால் எந்த ஆம்பளையும் எழுத மாட்டார், வாரத்துக்கு ஒரு வரி என்றால் எழுதுவார். வெள்ளிக்கிழமைக்குள் வாலட் காலியானால், எதில் போனது என்று அவரே ஆப்பைத் திறந்து பார்ப்பார்.

உறையில் நிறைய ரொக்கம் வைக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு வேண்டியது போதும். வீட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும், பணம் இருக்கிற பைண்டர் சாப்பாட்டு மேசையில் கிடக்கக் கூடாது. என் வீட்டில் உறைகள் அலமாரிக்குள், எழுதுகிற தாள்கள் மட்டும் வெளியே.


ஆயர் ஈத்தாம் பெரியவர்:

அம்மா, எழுதுபொருள் கடையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் தாளைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன்.

உங்கள் மூன்றாவது வகை, அந்த நீளக் கணக்குப் புத்தகம், அதை அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கணக்கு எழுதியது அந்த மாதிரிப் புத்தகத்தில்தான். பினாங்கு ஜார்ஜ்டவுனின் லெபோ பினாங்குத் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி (வட்டிக்கடை) நடத்திய காலத்தில் அன்றாட வரவு, பற்று ஒரு ஏட்டில், ஆள்வாரியாகப் பேரேட்டில் என்று பிரித்து எழுதினார்கள். வீட்டுக்கும் அந்தப் பிரிவினை போதும். தேதி, விவரம், வரவு, பற்று, இருப்பு, ஐந்தே பத்தி. உங்கள் மாமியார் கையில் இதைக் கொடுத்தால் ஒருவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தலைப்பே அச்சடிக்காத புத்தகம் என்பதால் மொழிச் சிக்கலும் கிடையாது.

கண் மங்கல் என்றீர்கள், அப்படியானால் கோட்டுக்குக் கோடு 8 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். ஏ5 பிளேனர் பலவற்றில் ஒரே பக்கத்தில் நிறையத் திணிக்க வேண்டும் என்று 5, 6 மில்லிமீட்டராக அடித்துவிடுகிறார்கள், இளம் பிள்ளைகளுக்கு ஆகும், வயதானவர்களுக்கு ஆகாது. கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு வரி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். புத்தகம் மேசையில் விரித்தால் தானாகத் திறந்து கிடக்க வேண்டும், கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத வேண்டியிருந்தால் அதை வாங்காதீர்கள். நூல் வைத்துத் தைத்தது விரியும், வெறும் பசை வைத்து ஒட்டியது நம் ஊர் வெக்கைக்கு நாளடைவில் முதுகு விட்டுவிடும், தாள் கொத்தாகக் கழன்று வரும்.

தாளின் கனம் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) இருந்தால் பால்பாயிண்ட் பேனாவுக்குத் தாராளம். ஜெல் பேனா, மார்க்கர் என்று போகிறவர்களுக்கு 100 வேண்டும், இல்லாவிட்டால் மை பின்பக்கம் தெரியும். சமையலறைக்குப் பக்கத்தில் இருக்கப் போகிற புத்தகம், ஈரக் கை படும், அதனால் பால்பாயிண்ட்தான் என் சிபாரிசு. ஜெல் மை பலவும் தண்ணீர் பட்டால் கரைந்து போகும், 8 எது 3 எது என்று தெரியாது.

பேரங்காடி ரசீதுகளை நம்பாதீர்கள். அது சூட்டில் எழுத்து வருகிற தாள், மை கிடையாது. சில மாதத்தில் வெளுத்துவிடும், வெயில் படுகிற காருக்குள் கிடந்தால் இன்னும் சீக்கிரம். வருமான வரிக்குக் காட்ட வேண்டிய ரசீது என்றால், உதாரணத்துக்குப் பிள்ளைகளின் புத்தகம், கைபேசி, இன்டர்நெட் எல்லாம் சேர்ந்து 2,500 வெள்ளி வரை விலக்குக் கிடைக்கிறதே அது, வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிட்டு, தேதியும் தொகையும் கடைப் பெயரும் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். வரி இலாகா 7 ஆண்டு ஆவணம் வைத்திருக்கச் சொல்கிறது, அந்தத் தாள் 7 ஆண்டு தாங்காது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டால் இன்னும் மோசம், சில வகை பிளாஸ்டிக் அந்த எழுத்தை உறிஞ்சிவிடும்.

காசுப் பத்தி தேவையில்லை. 2008 ஏப்ரலில் இருந்து ரொக்கமாகக் கொடுத்தால் 5 காசுக்கு முழுமையாக்குகிறார்கள், கார்டிலோ கியூஆரிலோ கொடுத்தால் ஒரு காசு வரைக்கும் துல்லியமாக எடுக்கிறார்கள். இரண்டையும் கலந்து எழுதினால் கூட்டும்போது எரிச்சல்தான் வரும். முழு வெள்ளியாக எழுதுங்கள், 50 காசுக்கு மேல் இருந்தால் அடுத்த வெள்ளி.

வெளியே போகும்போது எழுத 555 நோட்டு ஒன்று மாமியார் பைக்குள் இருக்கட்டும். மளிகைக் கடையில் கடன் எழுதிய அதே குட்டி நோட்டுதான், உள்ளங்கையில் அடங்கும். பசாரிலேயே எழுதிக்கொண்டு வந்துவிட்டு, வீட்டில் ஒரே வரியாக மொத்தத்தை மட்டும் பெரிய புத்தகத்தில் ஏற்றிவிடலாம்.


பாயான் லெப்பாஸ் தம்பி:

அக்கா, பெரியவர் சொன்னதில் தாள் விஷயமெல்லாம் சரி, ஆனால் வரவு, பற்று, இருப்பு என்று மட்டும் எழுதினால் எவ்வளவு போனது என்று தெரியுமே தவிர எதற்காகப் போனது என்று தெரியாது. அதற்காக 20 பத்தி போட்ட பிளேனரும் வேண்டாம். சோப்பு வீட்டுச் செலவா தனிச் செலவா, பிள்ளைக்கு வாங்கிய மைலோ பசாரா பள்ளியா என்று யோசித்துக்கொண்டே நின்றால் எழுதுகிறதே நின்றுவிடும், அதுவும் மூன்று பேர் எழுதுகிற புத்தகத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதிவைப்பார்கள்.

ஜப்பானில் காக்கேய்போ என்று வீட்டுக் கணக்குப் புத்தகம் உண்டு. ஹானி மோத்தோகோ என்கிற பெண் பத்திரிகையாளர் 1904இல் இல்லத்தரசிகளுக்காகக் கொண்டுவந்தது, இன்றைக்கும் அங்கே ஆண்டுதோறும் புதுப்புது காக்கேய்போ விற்பனைக்கு வருகிறது. இப்போது பரவலாக இருக்கிற வடிவத்தில் செலவுக்கு நாலே பிரிவு. தேவை, ஆசை, படிப்பும் பண்பாடும், எதிர்பாராதது. மாதத் தொடக்கத்தில் வரவிலிருந்து கட்டாயச் செலவையும் சேமிக்கிற தொகையையும் முதலில் கழித்துவிட்டு மீதியை வாரவாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். நம் வீட்டுக்கு இது நன்றாகவே பொருந்தும். கோயில் அர்ச்சனை, கல்யாண மொய், தைப்பூசக் காவடிச் செலவு, பிள்ளைகளின் பரதநாட்டிய வகுப்பு எல்லாவற்றையும் மூன்றாவது பிரிவில் போடலாம். வேறு பிளேனரில் இவையெல்லாம் இதர செலவு என்ற பெட்டிக்குள் போய்விடும், மாதக் கடைசியில் பார்த்தால் அந்தப் பெட்டிதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும்.

அதனால் மாதப் பக்கம் மட்டும் இருக்கிற பிளேனரை எடுக்காதீர்கள், வாரப் பக்கம் வேண்டும். மாதம் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது பணம் போய்விட்டிருக்கும், ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூட்டிப் பார்த்தால் மிச்சம் மூன்று வாரத்தில் சரிசெய்யலாம்.

சம்பளத்தை எழுதும்போது கைக்கு வருகிற தொகையை மட்டும் எழுதுங்கள். இபிஎஃப் என்கிற சேமநிதி 11 விழுக்காடு, சொக்சோ என்கிற சமூகப் பாதுகாப்புச் சந்தா, வரிப் பிடித்தம் எல்லாம் போன பிறகு வங்கியில் விழுகிற தொகைதான் உங்கள் வரவு. எங்களைப் போல் ஃபேக்டரியில் ஓட்டி (ஓவர்டைம்) பார்க்கிறவர்கள் அடிப்படைச் சம்பளத்தில்தான் பட்ஜெட் போட வேண்டும், ஓட்டிப் பணத்தைத் தனி வரியில் எழுதி நேராகச் சேமிப்புக்கோ கடனுக்கோ தள்ளிவிட வேண்டும். ஆர்டர் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது ஓட்டிதான். அதை நம்பிக் காருக்கு மாதத் தவணை போட்டவர்கள் திண்டாடுவதை இங்கே கண்ணால் பார்க்கிறோம்.


செந்தூல் தங்கை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. தேதி போட்டது வேண்டாம் என்பது தெளிவாகிவிட்டது. மாமியாரிடம் பெரியவர் சொன்னதை வாசித்துக் காட்டினேன், வரவு, பற்று, இருப்பு என்றதும் அதுதான் சரி என்று ஒரே பிடியாக நிற்கிறார். அக்கா சொன்ன வாலட் யோசனைக்கு வீட்டுக்காரரும் தலையாட்டியிருக்கிறார்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, நகை கொஞ்சம் அடகில் இருக்கிறது, கார்டிலும் பாக்கி இருக்கிறது, மாமியார் பக்கத்து வீட்டாரோடு கூட்டு (சீட்டு) வேறு போடுகிறார். இதையெல்லாம் எந்தப் பக்கத்தில், எப்படி எழுதுவது? கூட்டுப் பணத்தைச் சேமிப்பு என்று எழுதலாமா? இரண்டாவது, கொண்டோவில் பராமரிப்புக் கட்டணத்தோடு இன்னொரு தொகையும் சேர்ந்து வருகிறது, அதை மாதச் செலவில் சேர்ப்பதா, ஆண்டுச் செலவில் சேர்ப்பதா?


பட்டர்வொர்த் கணக்கர்:

இரண்டாவது சுலபம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடுதலாக வருவது சிங்கிங் ஃபண்ட், அதாவது கட்டடத்தின் பெரிய பழுதுவேலைகளுக்கான சேமநிதி, 2013ஆம் ஆண்டு அடுக்குமாடிப் பராமரிப்புச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு. கட்டணம் 200 என்றால் அது 20, சேர்த்து 220. மாதா மாதம் பில் வந்தால் மாதச் செலவு, உங்கள் நிர்வாகம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் ஆண்டுச் செலவுப் பக்கத்தில் போட்டு 12ஆல் பிரித்துவிடுங்கள்.

கடனுக்குத் தனிப் பக்கம் வேண்டும், அன்றாடச் செலவோடு கலக்கவே கூடாது. ஒரு கடனுக்கு ஒரு பக்கம். மேலே யாருக்கு, எவ்வளவு, வட்டி எவ்வளவு, கடைசித் தேதி எது என்று எழுதிவிட்டு, கீழே கட்டக் கட்டப் பாக்கியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அடகுக்குக் கடைசித் தேதிதான் உயிர். உரிமம் பெற்ற அடகுக் கடையில் வட்டி மாதம் 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மீட்க 6 மாதம் கொடுப்பார்கள். 1,000 வெள்ளிக்கு மாதம் 20, ஆறு மாதத்துக்கு 120 வெள்ளி வட்டி மட்டும். அந்த ஆறாவது மாதத் தேதியைக் கடன் பக்கத்தில் மட்டும் எழுதினால் போதாது, அந்த மாதத்துக்குரிய பக்கத்தின் தலையிலும் இப்போதே சிவப்பு மையில் எழுதி வையுங்கள். தேதி போடாத பிளேனரில் இருக்கிற ஒரே குறை இதுதான், வரப்போகிற தேதியை அது தானாக நினைவூட்டாது. அதனால் வாங்கின அன்றே 12 மாதத்துக்கும் பக்கத் தலைப்பை எழுதிவிடுவது நல்லது.

கார்டு பாக்கிக்கு, வங்கி கேட்கிற குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடுதான் என்று அதை மட்டும் கட்டாதீர்கள். ஒழுங்காகக் கட்டி வருகிறவருக்கே ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி, தவறினால் 18 வரை போகும். புத்தகத்தில் பாக்கித் தொகையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கூடக் கொஞ்சம் கட்டத் தோன்றும். நிலைமை கையை மீறுகிற மாதிரித் தெரிந்தால் ஏகேபிகே என்கிற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது, ஆலோசனைக்குப் பணம் வாங்க மாட்டார்கள், கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அலுவலகம் இருக்கிறது. போகும்போது இந்தக் கடன் பக்கங்களையே எடுத்துக்கொண்டு போகலாம், அவர்கள் முதலில் கேட்பதும் இந்த விவரத்தைத்தான்.

கூட்டு விஷயத்தை மாமியார் மனம் நோகாமல் சொல்லுங்கள். அதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள். கைக்கு வருகிற வரைக்கும் அது அடுத்தவர் கையில் இருக்கிற பணம். தனிப் பக்கத்தில் யார் நடத்துகிறார், மாதம் எவ்வளவு, இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று, எந்த மாதம் எடுக்கிறார் என்று எழுதுங்கள். இந்த நாட்டில் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்பிக்கையான ஆள்தான் என்பார், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது ஓடுகிற சுற்று முடிந்ததும் அதே தொகையை அவர் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கில் போட்டுவரச் சொல்லலாம்.


செந்தூல் தங்கை:

சரி அண்ணே, கூட்டைப் பற்றி இந்த வாரம் வீட்டுக்காரரை விட்டே பேசச் சொல்கிறேன், மகன் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

என் முடிவு இதுதான். மேசைக்கு நீளக் கணக்குப் புத்தகம் ஒன்று, மாமியார் கைக்கு 555 ஒன்று. கடன் பக்கம், ஆண்டுச் செலவுப் பக்கம், தம்பி சொன்ன நாலு பிரிவு வாரக் கூட்டல், இது மூன்றுக்கும் மட்டும் சின்ன வளைய பைண்டர், அது என்னிடம் அலமாரியில் இருக்கும். எல்லாம் சேர்த்து 60 வெள்ளிக்குள் அடங்கும் என்று நினைக்கிறேன். அக்கா, தாளில் நானே கோடு போட்டு பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றால் துளை போடுவதற்கு என்ன செய்வது?


பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

ஆறு துளை போடுகிற பஞ்ச் தனியாக விற்கிறார்கள் தங்கச்சி, ஆனால் அதற்கே பாதிப் பணம் போய்விடும். சாதாரண ஒற்றைத் துளை பஞ்ச் போதும். பைண்டரோடு வருகிற தாள் ஒன்றை மேலே வைத்து, பென்சிலால் துளை அடையாளம் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் குத்துங்கள், நாலைந்து தாளை ஒன்றாக வைத்தே குத்தலாம். ஏ4 தாளை நடுவில் வெட்டினால் இரண்டு ஏ5 கிடைக்கும், அதனால் பிரிண்ட் கடையில் ஏ4லேயே எடுத்து அங்கேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். இடது ஓரத்தில் 15 மில்லிமீட்டர் காலியாக விட்டுக் கோடு போட மறக்காதீர்கள், இல்லையென்றால் துளை தேதிப் பத்தியில் விழும்.